ஊட்டியில் எழுதிய விதியும் உங்க வீட்டு டிவியும்: பழைய கேம் ஆட என்ன மெஷின் வாங்கலாம்?

1/
விடுமுறை வந்தாலே என்கிட்ட வரும் கேள்விகளில் ஒண்ணு, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. "டாக்டர், நாங்க சின்ன வயசுல ஆடின வீடியோ கேம்களை வீட்ல புள்ளைங்களோட ஆடணும். எந்த மெஷின் வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்பது ஒண்ணுதான். "எந்த கேம் ஆடப் போறீங்க?"

கேமை முடிவு பண்ணாம மெஷின் வாங்குறது, என்ன நோய்னு தெரியாம மருந்துக் கடைக்குப் போற மாதிரி. அது ஏன்னு ஒரே ஒரு விளையாட்டை வெச்சு இந்த த்ரெட்டில் பார்ப்போம்.

2/
அந்த விளையாட்டு ஸ்நூக்கர். காரணம் இருக்கு. உலகமே ஆடும் இந்த விளையாட்டின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது நம்ம நீலகிரியில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

அது ராணுவ மெஸ்ஸில் இருந்து மலைக்கு வந்தது. மலையில் இருந்து லண்டன், அங்கிருந்து கலர் டிவி, அப்புறம் கம்ப்யூட்டர். கடைசியில் உங்க வீட்டு ஹால். சுமார் 150 வருஷப் பயணம். ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது ஹார்ட்வேர்தான்.

3/
வருடம் 1875. இடம் ஜபல்பூர். மழைக்காலம். வெளியே போக முடியாத பிரிட்டிஷ் அதிகாரிகள் மெஸ்ஸில் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றியே பொழுதைக் கழிக்கிறார்கள். 19 வயது இளம் அதிகாரி நெவில் சேம்பர்லைன், அப்போது ஆடிக்கொண்டிருந்த 'பிளாக் பூல்' ஆட்டத்தில் கூடுதலாகச் சில நிறப் பந்துகளைச் சேர்க்கிறார். ஆட்டம் சுவாரசியமாகிறது.

(பின்னாளில் பிரதமரான நெவில் சேம்பர்லைன் வேறு ஆள். பெயர் மட்டும்தான் ஒண்ணு.)

4/
'ஸ்நூக்கர்' என்ற பெயர் எப்படி வந்தது? லண்டன் அருகே வூல்விச் ராணுவ அகாடமியில் முதலாண்டு மாணவர்களைக் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம்ம காலேஜ் ராகிங் பாஷை மாதிரி வெச்சுக்கோங்க. சுலபமான பந்தைக் குழியில் போடத் தவறிய ஒருவரை சேம்பர்லைன் அப்படிக் கிண்டலடிக்க, அதுவே ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

இதை சேம்பர்லைன் 1938-ல், அதாவது 63 வருஷம் கழித்து, பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். முதியவர் ஒருவரின் நினைவு அது. ஆனாலும் அடுத்த ஆண்டே எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி அதை ஆதரித்து எழுத, ஜபல்பூர் கதை நிலைத்துவிட்டது.

5/
ஊட்டி எங்கே வருகிறது? ஆப்கன் போரில் காயம்பட்ட சேம்பர்லைன், பிறகு மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ஃப்ரெட்ரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்றினார். கோடை வந்தால் மெட்ராஸ் அரசாங்கமே மலையேறி ஊட்டிக்கு வந்துவிடும் காலம் அது. கூடவே ஸ்நூக்கரும் மலையேறியது.

அதுவரை வாய்மொழியாக இருந்த விதிகள் இங்கேதான் எழுத்தில் வந்து, கிளப் சுவரில் ஏறின. 1882 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு.

6/
இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-ல். ஊட்டிக்கு 1908-ல்.

பில்லியர்ட்ஸ் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். துணிக்கு அடியில் இருப்பது கனமான ஸ்லேட் கல் பலகைகள். முழு மேசை ஒரு டன்னுக்கு மேல் எடை. ரயிலுக்கு முன்னாடி இந்த மாதிரி சாமான் எல்லாம் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலைப்பாதையில் மேலே வரணும்னா, மாட்டு வண்டியும் மனுஷ முதுகும்தான் வழி.

சேம்பர்லைன் பெயர் வரலாற்றில் இருக்கு. சுமந்தவர் பெயர் இல்லை. ஆட்டத்தின்போது ஓரமாக நின்று பாயிண்ட் சொல்லி, பந்தை எடுத்து வைத்த இந்திய மார்க்கர்களின் பெயரும் இல்லை. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அவர்களுக்கு அனுமதி வேலைக்கு மட்டும்தான்.

7/
ஆனால் விதி காகிதத்தில் ஏறியதும் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. ஆட்டத்தை வேறு இடத்துக்கு எடுத்துப்போக, அந்த மேசை, அந்த அறை, அந்த ஆள் எதுவும் தேவையில்லாமல் போனது.

1885-ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தபோது, கல்கத்தாவில் கூச் பெஹார் மகாராஜா இருந்த விருந்தில் சேம்பர்லைனைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக்கொண்டார். ஆட்டம் கப்பல் ஏறியது. மேசை ஊட்டியிலேயே இருந்தது.

8/
பந்தும் மாறியது. அந்தக் காலப் பில்லியர்ட்ஸ் பந்து யானைத் தந்தம். தந்தம் விலை ஏற ஏற மாற்று தேடினார்கள். அந்தத் தேடலில்தான் 1860களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்டை உருவாக்கினார். அதே செல்லுலாய்டு பின்னாளில் புகைப்பட ஃபிலிமுக்கு அடித்தளமானது. தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் பிறகு வேறு பிளாஸ்டிக்குகள் வந்தன.

ஃபிலிம்னு சொன்னதும் ஊட்டிக்காரங்களுக்கு ஞாபகம் வருவது இந்து நகர். 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். நாங்கள் ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய எக்ஸ்-ரே ஃபிலிம் அங்கே தயாரானதுதான்.

9/
இன்று எக்ஸ்-ரேயை மானிட்டரில் பார்க்கிறோம். அதே நிழல், அதே எலும்பு, அதே நோய். ஃபிலிம் மட்டும் இல்லை. நலிவடைந்த அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை. அதை நம்பி இருந்த குடும்பங்கள் பட்ட கஷ்டம் நீலகிரி மக்களுக்குத் தெரியும்.

ஹார்ட்வேர் செத்தாலும் தகவல் பிழைத்துக்கொள்ளும். அந்த ஹார்ட்வேரைச் செய்த கைகளுக்கு அந்த வசதி இல்லை. பழைய மெஷின்களைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

சரி, ஸ்நூக்கருக்குத் திரும்புவோம்.

10/
1969. பிபிசி-2 சேனல் கலருக்கு மாறி இரண்டு வருஷம். கலர் டிவி வாங்கினால் என்ன லாபம்னு ஜனங்களுக்குக் காட்ட ஒரு நிகழ்ச்சி வேணும். செலவும் குறைவாக இருக்கணும். அப்போது அந்தச் சேனலின் பொறுப்பில் இருந்த டேவிட் அட்டன்பரோ (ஆமாங்க, காட்டு விலங்குப் படங்களின் அதே அட்டன்பரோ) அனுமதித்ததுதான் 'பாட் பிளாக்' என்ற ஸ்நூக்கர் தொடர்.

பச்சைத் துணி, 15 சிவப்பு, ஆறு வேறு நிறங்கள், ஒரு வெள்ளை. கலர் டிவிக்காகவே செய்த மாதிரி இருந்தது. கிளப்புக்குள் இருந்த ஆட்டம் வீட்டு ஹாலுக்கு வந்தது. பார்க்க மட்டும்.

11/
ஆட முடிந்தது 1980களில், ஹோம் கம்ப்யூட்டர் வந்த பிறகு. 1984-ல் 'ஸ்டீவ் டேவிஸ் ஸ்நூக்கர்' வெளியானது. மேலே இருந்து பார்க்கும் மேசை, வட்டப் புள்ளிகளாகப் பந்துகள்.

அது வந்த மெஷின்களில் ஒன்றான ஸ்பெக்ட்ரமின் கஷ்டத்தைப் பாருங்க. அதன் நிறப் பட்டியலில் பிரவுன் கிடையாது. 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம்தான் வைக்க முடியும். ஸ்நூக்கருக்கு எட்டு நிறப் பந்து வேணும், துணியின் பச்சை தனி!

இந்த ஸ்பெக்ட்ரம் 'டெசிபெல்ஸ்' நிறுவனம் மூலம் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் 1984-ல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின.

12/
திருப்புமுனை 1991. ஆர்ச்சர் மெக்லீன் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் உருவாக்கிய 'ஜிம்மி வைட்ஸ் வேர்ல்விண்ட் ஸ்நூக்கர்'. அமிகா, அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டர்களில் வந்தது.

மேசை முப்பரிமாணம். எந்தப் பக்கம் வேணும்னாலும் சுற்றிப் பார்க்கலாம். குனிந்து க்யூவின் கோணத்தில் பார்க்கலாம். வெள்ளைப் பந்தின் எந்த இடத்தில் அடிக்கிறோமோ அதற்கேற்ப சுழற்சி. ரொம்ப நேரம் யோசித்தால் பந்துகள் முகம் காட்டிக் கேலி செய்யும்!

இதைச் சாதித்த அமிகா 500-ன் பிராசஸர் வேகம் சுமார் 7 மெகாஹெர்ட்ஸ். உங்க போனின் வேகம் கிகாஹெர்ட்ஸ் கணக்கு.

13/
1998-ல் அதன் அடுத்த பாகம் 'கியூபால்' வந்தது. விண்டோஸ், பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் என்று பல மெஷின்களில். ஆட்டம் நடக்கும் பங்களாவின் ஒரு மூலையில் ஆர்கேட் பெட்டி ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மெக்லீன் 1984-ல் எழுதிய 'டிராப்சோன்' கேமை ஆடலாம்.

ஒரு கேமுக்குள் இன்னொரு பழைய கேம். நாம இன்றைக்கு வீட்டில் செய்ய நினைப்பதை அவர் அன்றைக்கே செய்துவிட்டார். மெக்லீன் 2022 டிசம்பரில் காலமானார்.

14/
இப்போ எமுலேட்டர்னா என்ன? சிம்பிள். மிமிக்ரி.

நல்ல மிமிக்ரி கலைஞர் ஒரு நடிகரின் குரல், மூச்சு, இழுப்பு எல்லாத்தையும் கொண்டு வருவார் இல்லையா? அதுபோல எமுலேட்டர் என்பது பழைய மெஷினின் சிப்களைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். கேமுக்கு, தான் ஓடுவது நிஜ அமிகாவிலா உங்க லேப்டாப்பிலா என்று வித்தியாசம் தெரியாது.

அமிகாவுக்கு வின்யுஏஇ, எஃப்எஸ்-யுஏஇ, அமிபெரி. டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ். முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன். ட்ரீம்காஸ்ட்டுக்கு ஃபிளைகாஸ்ட்.

15/
இனி மருந்துச் சீட்டு. முதல் கேள்வி: இந்த கேமைக் கையாள என்ன வேணும்?

வேர்ல்விண்ட் ஸ்நூக்கர் மவுஸுக்காகச் செய்தது. நூலளவு கோணம் மாற்ற மவுஸ்தான் சரி. கையடக்க ரெட்ரோ கருவி பார்க்க அழகு, மாரியோவுக்கு அருமை. அதன் குட்டி ஸ்டிக்கை வெச்சு ஸ்நூக்கர் ஆடினால் கட்டை விரல்தான் வலிக்கும். கியூபாலின் பிளேஸ்டேஷன் பதிப்பு என்றால் சாதாரண கேம்பேட் போதும்.

அதே சமயம், பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் மாரியோவில் உயிரை எடுக்கும். ஸ்நூக்கரில் யோசித்துத்தானே அடிக்கிறோம்? அது பெரிய விஷயமே இல்லை. அதற்காகச் செலவு செய்யாதீங்க.

16/
இரண்டாவது கேள்வி: எவ்வளவு சக்தி வேணும்?

• பழைய ஆபீஸ் லேப்டாப்: அமிகா, டாஸ், முதல் பிளேஸ்டேஷன் எல்லாம் தாராளமாக ஓடும். மவுஸ் சொருகலாம். டிவிக்கு எச்டிஎம்ஐ போடலாம்.

• ராஸ்பெரி பை 4 அல்லது 5: சின்னது, கரண்ட் குறைவு. செட் பண்ணப் பொறுமை வேணும்.

• தி ஏ500 மினி: 2022-ல் வந்த குட்டி அமிகா. அமிகா மவுஸும் கேம்பேடும் கூடவே வரும். யுஎஸ்பி வழியாக வேறு கேம்களும் சேர்க்கலாம்.

• மிஸ்டர்: மென்பொருளுக்குப் பதில் சிப்பையே பழைய சர்க்யூட் போல மாற்றி அமைக்கும் எஃப்பிஜிஏ முறை. துல்லியம் அதிகம், செலவும் அதிகம். ஸ்நூக்கருக்காக மட்டும் வாங்குவது, கொசு அடிக்க பீரங்கி.

17/
மூன்றாவது கேள்வி: உங்க வீடு எங்கே இருக்கு? இதை யாரும் கேட்பதில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, எஸ்டேட் பக்கம் இருக்கறவங்களுக்கு இரண்டு எதிரிகள். ஒண்ணு ஈரம். மாசக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். பழைய ஒரிஜினல் கன்சோல் வாங்கி அலமாரியில் வைத்தால் கனெக்டர்களில் பச்சை படியும், சிடியில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்க.

இரண்டாவது, மழைக்காற்றில் அடிக்கடி போகும் கரண்ட். ராஸ்பெரி பை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பேட்டரி உள்ள பழைய லேப்டாப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மலை வீட்டுக்கு என் ஓட்டு லேப்டாப்புக்கே.

18/
நாலாவது: திரை. இரண்டே செட்டிங்.

அ) பழைய கேம்கள் 4:3 திரைக்குச் செய்தவை. அகல டிவியில் இழுத்து நிரப்பினால் பந்து முட்டையாகிவிடும். கோணமும் கண்ணை ஏமாற்றும். ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தாலும் பரவாயில்லை, 4:3-லேயே விடுங்க.

ஆ) பிரிட்டனும் நாமும் பின்பற்றிய பால் முறையில் நொடிக்கு 50 தடவை படம் புதுப்பிக்கும். லேப்டாப் திரை பெரும்பாலும் 60. இந்தப் பொருத்தமின்மையால் ஓட்டத்தில் சின்னத் திக்கல் வரும். நம்ம ஊர் டிவிகள் பொதுவாக 50-ஐ ஏற்கும். எச்டிஎம்ஐ இணைத்து 50-க்கு மாற்றிப் பாருங்க, திக்கல் அடங்கும்.

19/
திரை என்றதும் ஒரு மருத்துவக் குறிப்பு. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு சிவப்பும் பிரவுனும் குழப்பும். இதில் முக்கிய வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அதனால் ஆண்களிடம்தான் அதிகம். 2002 உலக சாம்பியன் பீட்டர் எப்டனுக்கே இந்தக் குறைபாடு உண்டு!

உங்க பையன் அடிக்கடி தப்பான பந்தை அடித்தால் திட்டாதீங்க, ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்க. விண்டோஸில் இதற்கான கலர் ஃபில்டர்கள் இருக்கு, போட்டுப் பாருங்க.

20/
இன்னொரு விஷயம், கை நடுக்கம். கனடாவின் பில் வெர்பெனியுக் 1980களின் முன்னணி ஸ்நூக்கர் வீரர்களில் ஒருவர். பரம்பரையாக வந்த எசென்ஷியல் ட்ரெமர் அவருக்கு. நடுக்கத்தை அடக்க ஆட்டத்துக்கு முன்னாலும் ஆட்டத்தின் போதும் லிட்டர் கணக்கில் பீர். கூடவே ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை. அந்த மாத்திரை தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர, அவரது ஆட்ட வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

(நடுக்கத்துக்கு மது மருந்தல்ல. ப்ரோப்ரனலாலையும் நீங்களாகக் கடையில் வாங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.)

21/
எமுலேட்டரால் கொண்டுவர முடியாத ஒண்ணு இருக்குன்னா அது இந்த உடம்புதான். நிஜ மேசையில் குனியும் முதுகு, அடக்கும் மூச்சு, நடுங்கும் விரல் எதுவும் திரையில் இல்லை. அது இழப்பு.

ஆனா மறுபக்கம் பாருங்க. கோணத்தை நிதானமாகச் சரிசெய்து, பிறகு அடிக்கும் ஆட்டம் இது. கை நடுங்கும் தாத்தா, மவுஸ் வேகத்தைக் குறைத்து வைத்தோ, மவுஸுக்குப் பதில் டிராக்பால் வைத்தோ பேரனோடு ஆடலாம். டிராக்பாலில் கை அசைய வேண்டாம், பந்தை உருட்டினால் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், நான் முதலில் வாங்கச் சொல்வது அந்த டிராக்பாலைத்தான்.

22/
சட்டமும் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டர் மென்பொருள் சட்டபூர்வமானது. ஆனால் அமிகாவின் கிக்ஸ்டார்ட், பிளேஸ்டேஷனின் பயாஸ், கேம்கள் எல்லாவற்றுக்கும் காப்புரிமை உண்டு. கிக்ஸ்டார்ட்டை 'அமிகா ஃபாரெவர்' தொகுப்பில் உரிமத்தோடு வாங்கலாம். "பத்தாயிரம் கேம் உள்ளே" என்று விற்கும் பெட்டிகளை வாங்காதீங்க. அதில் நீங்க ஆடப்போவது பத்துகூட இருக்காது. எழுதியவருக்கும் ஒரு பைசா போகாது. மேசை சுமந்தவரின் பெயர்தான் தொலைந்தது, கேம் எழுதியவரின் உரிமையாவது தொலையாமல் இருக்கட்டும்.

23/
சுருக்கமா:

• முதலில் கேம், பிறகு அதைக் கையாளும் கருவி, கடைசியாகத்தான் மெஷின்.
• மலை வீடு என்றால் பேட்டரி உள்ள பழைய லேப்டாப், கூடவே மவுஸ். பெரியவர்களுக்கு டிராக்பால்.
• 4:3, 50 ஹெர்ட்ஸ்.
• அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க. கண்ணைத் திரையில் இருந்து எடுத்துத் தூரத்தில் உள்ள தேயிலைச் சரிவைப் பாருங்க.

24/
ஊட்டி கிளப் இன்றும் உறுப்பினர்களுக்கான தனியார் கிளப்தான். நினைத்தவுடன் உள்ளே போய் அந்த அறையில் ஆட முடியாது. 12 அடி மேசை வைக்க நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இடமும் கிடையாது.

ஆனால் அங்கே எழுதப்பட்ட விதிகளின் வழிவந்த ஆட்டத்தை, கடையில் யாரும் சீண்டாத ஒரு பழைய லேப்டாப்பில், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும் ஆடலாம். அன்று சுமந்தவர்களுக்கும் மார்க்கர்களுக்கும் கிடைக்காத ஆட்டம் அது. உங்க வீட்டில் ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால், தூசி தட்டி அப்படி ஒரு பிள்ளைக்குக் கொடுங்க.